தண்ணி கிளியரா இருக்குமா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் செராஸில் எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். நீலத் தண்ணீர், அதன்மேல் ஒரு படகு, கீழே ‘3 பகல் 2 இரவு, சாப்பாடு, ஸ்நோர்கலிங் உட்பட’ என்று ரிங்கிட் கணக்கு. உடனே கேள்விகளும் வரும். “தண்ணி கிளியரா இருக்குமா?” “ரூம்ல ஏர்கோன் இருக்கா?” “நாசி கோரேங் தவிர வேற ஏதாச்சும் கெடைக்குமா?” இத்தனை வருடங்களில் ஒருவர்கூட “அந்த மாசத்துல அங்க எந்தக் காத்து அடிக்கும்?” என்று கேட்டு நான் பார்த்ததில்லை. “அடியில மணலா, பாறையா?” என்றோ, “படகுல எத்தன பேர ஏத்துவாங்க, எல்லாருக்கும் ஜாக்கெட் இருக்கா?” என்றோகூட யாரும் கேட்டதில்லை.

அவர்களை விட்டுவிடலாம். வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று வருடம் முழுக்க ஓடுகிறவர்கள் மூன்று நாள் மூச்சு விடப் பார்க்கிறார்கள். என் கோபம் நம்மீது. இலக்கியம் வாசிக்கிறோம், எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்கிற நம் ஆட்கள் எழுதும் தீவுப் பயணக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். கடல் முடிவற்றது என்பார்கள். அதன்முன் தன் அகந்தை கரைந்தது என்பார்கள். மீன்களைப் பார்த்ததும் குழந்தையானேன் என்பார்கள். எந்த மாதம் போனார்கள் என்று இருக்காது. படகோட்டிக்கு முகம் இருக்காது. கடைசி வரியில் மட்டும் ‘கட்டாயம் ஒருமுறை போய் வாருங்கள்’ என்று இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதுவும் விளம்பரம், இதுவும் விளம்பரம். அதிலாவது விலை போட்டிருக்கிறது.

2025 ஜூன் 28, சனிக்கிழமை இரவு, பெர்ஹெந்தியான் தீவுக் கடலில் ஒரு படகு கவிழ்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அதில் இருவர் சின்னப் பிள்ளைகள். நம் சமூகத்துக் குடும்பம். இறந்தவர்களைப் பற்றியோ அந்தக் குடும்பத்தைப் பற்றியோ ஒரு குறையும் நான் சொல்ல வரவில்லை. யார் பொறுப்பு என்று தீர்க்கச் சட்டம் இருக்கிறது. அடுத்த சில நாள்கள் நம்மவர்கள் பேசியதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பாதிப் பேர் “விதி” என்றார்கள். மீதிப் பேர் “இனிமே கடல் பக்கமே போகக் கூடாது” என்றார்கள். கடலை வாசிக்கக் கற்றுக்கொள்வோம் என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம். அடுத்த விடுமுறைக்கு அதே நீலப் படங்கள் வந்தன, அதே கேள்விகளும் வந்தன.

சரி, கடலை வாசிப்பது என்றால் என்ன? தீபகற்பத்தின் இரண்டு பக்கமும் இருப்பது இரண்டு வேறு கடல்கள் என்பதில் தொடங்க வேண்டும். கிள்ளான்காரர்கள் காலங்காலமாகப் போகும் மோரிப், கோலாலம்பூர்க்காரர்களின் போர்ட்டிக்சன் எல்லாம் மலாக்கா நீரிணையின் கரை. சுமத்ரா குறுக்கே படுத்திருப்பதால் இந்தியப் பெருங்கடலின் நீண்ட அலைகள் அங்கே வந்து சேருவதில்லை. ஆற்று வண்டலால் தண்ணீர் கலங்கியே இருக்கும். கிழக்கே தென்சீனக் கடல் திறந்து கிடக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அந்தத் திறந்த பரப்பில் நெடுந்தூரம் ஓடி வந்து அலையைக் கட்டி எழுப்பும். பெர்ஹெந்தியானிலும் ரெடாங்கிலும் அப்போது பல விடுதிகள் பூட்டிக் கிடக்கும். படகுகள் குறையும், சில நாள் ஓடவே ஓடாது. ஸ்நோர்கல் செய்கிறவனுக்கு அந்த மாதங்களில் அங்கே வேலை இல்லை. அலைச்சறுக்குக்காரனுக்கோ அதுதான் பருவம். பகாங் கரையின் செராத்திங்கிலும், தியோமான் தீவின் கிழக்கு முகத்தில் இருக்கும் ஜுவாராவிலும் பலகைகள் இறங்குவது அப்போதுதான். அதே தியோமானின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் கிராமங்களில் ஏப்ரல் தாண்டினால் தண்ணீர் தெளிந்து நிற்கும். ஒரே தீவு. மாதத்தையும் கரையையும் மாற்றினால் வேறு கடல். “தியோமான் நல்லாருக்குமா?” என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்த மாதம், எந்தக் கரை, எதற்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

இந்தக் கணக்கை அப்படியே வேறிடத்துக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அறுகம் குடா உலகமெங்கும் உள்ள அலைச்சறுக்குக்காரர்கள் அறிந்த இடம். அங்கே பருவம் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீச, தெற்கே வெகுதூரத்தில் பிறந்த அலைகள் முனையைச் சுற்றி ஒழுங்காக வளைந்து வரும். வடக்கே நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் பவளம் பார்க்கப் போவதும் அந்த மாதங்களில்தான். தியோமானில் எதிரும் புதிருமாக இருக்கும் இரண்டு பருவமும் அங்கே ஒன்றாக வருகின்றன. நவம்பர் வந்தால் ஆட்கள் மேற்கே ஹிக்கடுவைக்கு இடம் மாறிவிடுவார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த அறிவு என்று நினைக்க வேண்டாம். வடகிழக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தென்மேற்கிலிருந்து சோளகம் என்று ஈழத்துக் கடலோர மக்கள் இன்றும் காற்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நமக்கு வாடை என்றால் தலைவியின் துயரம். பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு அதோடு மறந்துவிட்டோம்.

திணையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதற்பொருள் என்றால் என்ன? நிலமும் பொழுதும். இரண்டும் சேர்ந்ததுதான் முதல். பொழுது இல்லாத நிலத்தைப் பற்றி நம் இலக்கணம் பேசவே இல்லை. இன்று ‘போக வேண்டிய 10 தீவுகள்’ என்று பட்டியல் போடுகிறவர்கள் நிலத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பொழுதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். “நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியதுதானே?” என்று ஒரு நண்பர் மடக்கினார். உரியதுதான். கரையில் வாழ்கிறவனுக்கு ஆறு பருவமும் உரியவை, எந்தப் பருவத்தில் வள்ளத்தை இறக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும் என்பதால். அந்த உரிமை மூன்று நாள் பாக்கேஜில் வருகிறவனுக்குக் கிடையாது.

அடுத்தது பவளம். 1994இல் மலேசிய அரசு பல தீவுகளைச் சுற்றியுள்ள கடலைக் கடற்பூங்காவாக அறிவித்தது. பெரும்பாலும் கரையிலிருந்து 2 கடல் மைல் வரை. அந்தத் தண்ணீர் கூட்டரசின் பொறுப்பு, தீவின் நிலமோ மாநிலத்தின் கையில். விடுதி கட்ட அனுமதி ஓரிடம், அந்த விடுதியின் கழிவு இறங்கும் கடலுக்குக் காவல் வேறோரிடம். ஆகவே ‘மரின் பார்க்’ பலகையைப் பார்த்ததும் எல்லாம் பத்திரம் என்று நினைத்துவிட முடியாது. நாம் தேர்ந்தெடுக்கும் விடுதி எங்கே கழிவை விடுகிறது என்று கேட்பதும் இடம் தேர்வதில் சேரும்.

தண்ணீருக்குள் நாம் செய்வதையும் பார்க்கலாம். ரொட்டியைப் பிய்த்துப் போட்டால் மீன்கள் மொய்க்கும், படம் நன்றாக வரும். பாறையில் படரும் பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் விட்டு வைப்பவை அந்த மீன்களில் பல. அவற்றை ரொட்டிக்குப் பழக்கினால் பாசி பவளத்தை மூடும். நீந்தத் தெரியாதவர் பயந்துபோய்க் காலை ஊன்றுவது பவளத்தின் மேல்தான். பாறைபோல் திரளும் வகைகள் பல வருடத்துக்கு ஒரு செண்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. ஒரு செருப்புக் காலின் கணக்கு எத்தனை வருடம் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

போதாததற்குச் சூடு. கடல் வழக்கத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், பவளம் தனக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 1998இல் உலகமெங்கும் நடந்தது. 2010இல் இங்கேயும் கடுமையாக நடந்தபோது தியோமான், ரெடாங் போன்ற இடங்களில் சில பகுதிகளைச் சில மாதங்கள் மூடி வைத்தார்கள். 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. அந்த வருடம் வெளுத்த பவளத்தைப் படம் எடுத்து ‘வெண்பளிங்கு மாளிகை’ என்று தலைப்புப் போட்ட ஒரு பதிவைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் இதயக்குறிகள். பட்டினி கிடக்கும் உயிரை மாளிகை என்று எழுதுகிறவனுக்குக் கவிதை வந்து என்ன, வராமல் போனால் என்ன?

‘யாரும் தொடாத தீவு’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். பெர்ஹெந்தியான் என்ற மலாய்ப் பெயருக்கே தங்கிச் செல்லும் இடம் என்று பொருள். அங்கே மீனவர் கிராமம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. திரெங்கானு கடலில் இருக்கும் பீடோங் தீவுக்கு இப்போது ஸ்நோர்கல் படகுகள் போகின்றன. 1978இலிருந்து 1991 வரை வியட்நாமிலிருந்து தப்பி வந்த படகு அகதிகளின் முகாம் அது. 1979இல் ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள அந்தத் தீவில் ஏறக்குறைய 40,000 பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். அங்கே குதித்து மீன் பார்க்கலாம், தப்பில்லை. எந்தத் தண்ணீரில் குதிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு குதிக்கலாம்.

அறுகம் குடாவின் கதை இன்னும் நமக்கு நெருக்கம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு சொன்னது. மீனவர்களுக்கு அப்படி, விடுதிகளுக்குச் சலுகை. அந்த எல்லை பிறகு தளர்த்தப்பட்டது. நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் இதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். தமிழ் பேசும் ஊரின் கரையைப் பற்றி ஒரு கனடாக்காரர் எழுதுகிறார். நம் பயணக் கட்டுரையாளர் அங்கே போய் சூரிய உதயத்தைப் பற்றி எழுதிவிட்டு வருகிறார்.

“ஒரு லீவுக்கு இவ்ளோ பாடமா?” என்று கேட்பீர்கள். செராஸ் பாசாரில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குகிறோமா? பழைய காடி வாங்க நாலு மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறோம். பிள்ளையைக் கடலில் இறக்கும்போது மட்டும் கேள்வி கேட்க நேரமில்லையா?

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள். நம் மூதாதையர் ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்தவர்கள், கடல் என்றால் அவர்களுக்குப் பயம், அது ரத்தத்தில் ஊறிவிட்டது என்று. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தலைமுறைக்கு நீச்சல் கற்றுத் தர யாரும் இல்லை, உண்மைதான். மூன்றாம் தலைமுறை அதையே சொன்னால் அது சாக்கு. நகராண்மைக் குளத்தில் ஒரு வருடம் நீந்தக் கற்கும் செலவு, ஒரு குடும்பத்தின் தீவு பாக்கேஜுக்குக் கீழேதான் வரும். முதல் ஸ்நோர்கல் இடம் அந்தக் குளமாக இருக்கட்டும். முகமூடியையும் குழாயையும் அங்கே பழகிவிட்டு டிபிஎஸ்ஸில் பஸ் ஏறுங்கள்.

போன இடத்தில் செய்ய வேண்டியதும் பெரிய வித்தை இல்லை. காற்றுக்கு மறைவான கரையைக் கேட்டுக் காலையில் இறங்குங்கள். நங்கூரத்தைப் பவளத்தில் போடாமல் மிதவையில் கட்டும் படகைத் தேடுங்கள். ஜாக்கெட் குறைந்தால், இருட்டிவிட்டால், ஆள் கூடிவிட்டால், கொடுத்த பணம் போனாலும் ஏறாதீர்கள். பலகையோடு இறங்குகிறவர் மணல் அடியுள்ள இடத்தில் தொடங்க வேண்டும். இறங்குமுன் இருபது நிமிடம் கரையில் நின்று பார்க்க வேண்டும். இருபுறமும் அலை உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், தண்ணீர் கடலுக்குள் திரும்பும் வழி பெரும்பாலும் அதுதான். புதியவர்கள் அமைதி என்று நம்பி இறங்குவதும் அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் நீந்தி அதை விட்டு வெளியே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊர் படகுக்கார அபாங்கிடம் “இன்னிக்கு எறங்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

எழுதுகிறவர்களிடம் ஒரே கோரிக்கை. இனி கடலைப் பற்றி எழுதினால் எந்த மாதம், எந்தக் காற்று, அடியில் என்ன, கரையில் யார் வாழ்கிறார்கள் என்று நாலு வரி சேர்த்து எழுதுங்கள். உங்கள் அகந்தை கரைந்த செய்தி அதற்குப் பிறகு வரட்டும். உங்கள் கட்டுரையை நம்பி யாரோ ஒருவர் டிசம்பரில் பிள்ளைகளோடு கோலா பெசுட் படகுத்துறையில் வந்து நிற்கலாம். அவருக்கு அந்த நாலு வரி தேவைப்படும்.