சட்டம் அறிவோம்: பவர் பத்திரம் கிரயப்பத்திரம் ஆகுமா?



கடந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை வெகுநேரம் சிந்திக்கச் செய்தது. எழுதியவர் சங்கம் விகாரில் குடியிருக்கும் ஒரு சகோதரி. கணவர் ஓட்டுநர், இவர் மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். ஊரிலிருந்த நிலத்தை விற்று, சேமிப்பையும் சேர்த்து, 2014-இல் 50 கஜ மனையில் கட்டிய வீட்டின் முதல் மாடியை வாங்கினார்கள். பிராப்பர்ட்டி டீலர் ஒரு கட்டுக் காகிதங்களைக் கையில் கொடுத்தார்: ஜி.பி.ஏ. என்னும் பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில், பணம் பெற்ற ரசீது, சுவாதீனக் கடிதம். விற்றவர் சென்ற ஆண்டு இறந்துபோனார். இப்பொழுது அவருடைய மகன் வந்து, "என் தகப்பனார் உங்களுக்கு ரிஜிஸ்ட்ரி செய்து கொடுக்கவில்லையே, வீடு எங்களுடையது" என்கிறாராம். "ஐயா, நாங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்களா, இல்லையா?" என்று சகோதரி கேட்கிறார்.

சகோதரியே, சட்டத்தின் பார்வையில் நீங்கள் இன்னும் அந்த வீட்டின் உரிமையாளர் அல்ல. ஆனாலும் அந்த மகன் தன் விருப்பப்படி உங்களை வெளியே தள்ளிவிடவும் முடியாது. இவ்விரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 54-ஆம் பிரிவு, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமாகவே நடைபெற வேண்டும் என்று கூறுகிறது. தில்லியிலோ, முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தவும், விற்கத் தடையுள்ள குத்தகை மனைகளைக் கைமாற்றவும் பல்லாண்டுகளாக "பவரில்" வாங்குவது வழக்கமாயிற்று. 2011 அக்டோபர் 11-ஆம் தேதி, சூரஜ் லேம்ப் நிறுவனத்துக்கும் ஹரியானா அரசுக்கும் இடையிலான வழக்கில், நீதியரசர் ஆர்.வி. ரவீந்திரன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இவ்வழக்கத்தை நேராகவே எடுத்துப் பேசிற்று. ஜி.பி.ஏ., விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் உரிமையை மாற்றாது என்பதே தீர்ப்பு. உங்கள் வீடு வாங்கப்பட்டது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின்பு. டீலர் இதை அறியாதவராக இருந்திருப்பார் என்று நம்புவது எனக்குக் கடினமாயிருக்கிறது.

ஒவ்வொரு காகிதமும் என்ன செய்யும் என்று பார்ப்போம். பவர் என்பது ஒருவர் தமக்குப் பதிலாகச் செயல்பட மற்றொருவருக்குத் தரும் அதிகாரம். பொதுவாக அது எழுதிக் கொடுத்தவரின் மரணத்தோடு முடிவடையும். பணம் பெற்றுக்கொண்டு எழுதிய பவர் அவ்வாறு முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவைக் காட்டி வாதிடலாம். அந்த வாதம் வென்றாலும் அதிகாரம் நிற்குமேயன்றி உரிமை பிறக்காது. உயிலை, எழுதியவர் உயிரோடிருக்கும் நாள்வரை எப்பொழுது வேண்டுமானாலும் மாற்றலாம். அவர் இறந்தபின் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயில்தானா என்பதைச் சட்டப்படி நிரூபிக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தமோ, "விற்பேன்" என்ற வாக்குறுதி மட்டுமே.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு நம் குடும்பங்களுக்கு மிகவும் நெருங்கியது. தில்லி அம்பேத்கர் பஸ்தியிலுள்ள ஒரு வீட்டுக்காக உடன்பிறந்த இருவர் வழக்காடினார்கள். தகப்பனார் 1996-இல் தமக்கு ஜி.பி.ஏ.வும், விற்பனை ஒப்பந்தமும், ரசீதும், பதிவு செய்த உயிலும் கொடுத்தார் என்று ஒரு சகோதரர் கூறினார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்த்தன. உச்ச நீதிமன்றம் அவற்றை மாற்றிவிட்டது. உயில் முறைப்படி நிரூபிக்கப்படவில்லை. மற்றக் காகிதங்கள் உரிமையைத் தரவில்லை. ஆகவே சொத்து தகப்பனாரின் சட்டப்படியான வாரிசுகளுக்குச் சேரும் என்று அது முடிவு செய்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த காகிதங்கள்!

இனி உங்கள் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். முதலாவது, விற்பனை ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதா, நோட்டரியிடம் மட்டும் முத்திரை பெற்றதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால், பணம் கொடுத்துச் சுவாதீனமும் பெற்றவரை விற்றவரோ அவர் வாரிசுகளோ வெளியேற்றக் கூடாது என்னும் 53-ஏ பிரிவின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. 2001-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப்பின் பதிவாகாத ஒப்பந்தத்திற்கு அப்பாதுகாப்பைக் கோருவது கடினம். பதிவாகாவிட்டாலும் கலங்க வேண்டாம். பேசியபடி கிரயம் செய்து கொடுக்கும்படி அந்த மகன்மேல் வழக்குத் தொடரலாம். ஒப்பந்தம் எழுதியவரின் வாரிசுகளையும் அது கட்டுப்படுத்தும். அவ்வழக்கில் பதிவாகாத ஒப்பந்தமும் சாட்சியமாக ஏற்கப்படும்.

ஆனால் காலக்கெடு ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் கிரயம் செய்யும் நாள் குறிக்கப்பட்டிருந்தால் அந்நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்; நாள் குறிக்கப்படாவிட்டால், செய்து தர மறுக்கிறார்கள் என்று நீங்கள் அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். அந்த மகன் உங்கள் வாசலில் வந்து மறுத்த தேதியை இன்றே குறித்து வையுங்கள். சபையார் சமாதானம் பேசிப் பார்க்கட்டும், நல்லதுதான். பேச்சிலேயே மூன்று ஆண்டுகள் கழிந்துவிட இடங்கொடாதீர்கள்.

இரண்டாவது வழி அரசு திறந்தது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டம், பி.எம். உதய் என்னும் திட்டத்தின் மூலம், தில்லியின் 1,731 அங்கீகரிக்கப்படாத காலனிகளில் ஜி.பி.ஏ., ஒப்பந்தம், உயில், பணம் செலுத்திய சான்று, சுவாதீனச் சான்று ஆகியவற்றோடு குடியிருப்போரின் உரிமையை ஏற்றுக்கொண்டது. தில்லி வளர்ச்சி ஆணையத்தில், அதாவது டி.டி.ஏ.வில், விண்ணப்பிக்க வேண்டும். மனை அரசு நிலமானால் டி.டி.ஏ.வே உரிமைப் பத்திரம் தரும். 100 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைக்குக் கட்டணம் அரசு நிர்ணய மதிப்பில் அரை சதவீதமே. தனியார் நிலமானால் டி.டி.ஏ. தரும் அனுமதிச் சீட்டைக் கொண்டு சார்பதிவாளரிடம் பதிவு செய்யலாம். முந்தைய கைமாற்றங்களுக்கான தீர்வை கேட்கப்படுவதில்லை. வாடகைக்கு இருப்போர் இதில் சேரமாட்டார்கள்.

இன்னொரு காரியம். விற்றவருக்கு அந்த மனை எப்படி வந்தது என்று கேளுங்கள். இத்தகைய காலனிகளில் அவரும் பவரில் வாங்கியவராகவே இருக்கக்கூடும். அப்படியானால் மகனிடமும் உங்களிடம் உள்ளதைவிட மேலான காகிதம் இராது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். விண்ணப்பம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

புதிதாக வாங்க இருப்போருக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பாராமல் ஒரு சென்ட் நிலம் வாங்கமாட்டோம். தில்லிக்கு வந்தவுடன் மின்கட்டண ரசீதையும் மாநகராட்சி வரி ரசீதையும் காட்டினால் போதும் என்று மயங்கிவிடுகிறோம். அவை குடியிருப்பதைக் காட்டும், உரிமையைக் காட்டா. முந்தைய பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும், பதிவுத்துறையின் டோரிஸ் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். முன்பணத்தை வங்கி மூலமே கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மனைவியின் பெயரில் பதிந்தால் தில்லியில் தீர்வை இரண்டு சதவீதம் குறைவு. முற்றுகையிடப்பட்ட நகரத்திலிருந்தும் எரேமியா நிலம் வாங்கியபொழுது கிரயப்பத்திரத்தில் கையெழுத்திட்டு, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னதை அதன் 32-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வாங்கியதோ தகப்பனின் சகோதரன் மகனிடத்தில்! சொந்தக்காரர்தானே என்று அவர் பத்திரத்தை விட்டுவிடவில்லை.

ஜுக்கி வாங்கலாமா என்று ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். நிலம் அரசினுடையது; அங்கே விற்பனைக் காகிதம் என்று எதை எழுதினாலும் அதற்கு மதிப்பில்லை. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் நம் தமிழ் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறக்குறைய 370 வீடுகளில் 215 வீட்டாரே நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதியானவர்களாகக் கணக்கிடப்பட்டனர். தகுதியைத் தீர்மானித்தவை குடியிருப்பைக் காட்டும் சான்றுகள்; யாரிடம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதல்ல. ஏற்கெனவே ஜுக்கியில் இருப்போர் வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் அட்டையிலும் பெயரும் முகவரியும் சரியாயிருக்கின்றனவா என்று ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகப்பனார் பெயரிலுள்ள வீட்டை மூத்த மகன் மட்டும் விற்கலாமா? கூடாது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாவிடில், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. கல்யாணம் செய்து கொடுத்த மகளுக்கும் சமபங்கே. எல்லாரும் கையெழுத்திட வேண்டும்.

கடைசியாக, பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் ஏன் என்று கேட்டவருக்கு: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கவே பதினொரு மாதம். மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்டால் 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உதவாது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, மாத வாடகையில் இருப்பவரை வெளியேற்ற 15 நாள் நோட்டீசு வேண்டும். அதன்பின்னும் நீதிமன்ற உத்தரவில்லாமல் பூட்டுப் போட வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை. அப்படிப் போட்டுவிட்டால் ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடர்ந்து சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். முன்பணம் கொடுத்ததற்கு ரசீது வாங்கியிருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் எழுதவில்லையே. வாங்காதிருந்தால் இந்த மாத வாடகையை வங்கி மூலம் அனுப்பி, முன்பணத் தொகையையும் குறிப்பிட்டு வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.