"என்ன இப்படி ஊதிட்ட?"

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் என் பெரியம்மா பொண்ணைப் பார்த்து ஒரு உறவுக்காரர் கேட்ட கேள்விதான் தலைப்பு. அக்கா சிரிச்சு சமாளிச்சாங்க. கொஞ்ச நாள் கழிச்சுதான் எங்களுக்குத் தெரிஞ்சது, அன்னைக்கு ராத்திரியிலிருந்து மாத்திரையையே நிறுத்திட்டாங்கன்னு. மூட்டெல்லாம் வீங்கி, காய்ச்சலோட ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிடுச்சு.

அக்காவுக்கு லூபஸ். கிருமிகளோட சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, நம்ம உடம்பையே தாக்குகிற நோய். மூட்டு, தோல், சிறுநீரகம், இதயம் என்று எதையும் அது தொடலாம். இது வருகிற பத்து பேரில் சுமார் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15லிருந்து 45 வயசுக்குள்ள ஆரம்பிக்குது. அதாவது, நம்ம கிளாஸ்ல உட்கார்ந்திருக்கிற வயசு.

நோய் தீவிரமா இருக்கும்போது பிரெட்னிசோலோன் மாதிரியான ஸ்டீராய்டு தருவாங்க. சிறுநீரகத்தையும் உயிரையும் காப்பாற்றுகிற மருந்து. ஆனா அது பசியைக் கிளப்பும், உடம்பில் உப்பையும் தண்ணியையும் தேக்கும், முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கும். முகம் உருண்டையாகிடும். நாம "நல்லா சாப்பிடுறா போல"ன்னு கிண்டல் பண்றது பல நேரம் அந்த மருந்தோட வேலையைத்தான். பல மாசம் சாப்பிட்ட ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்தினா, உடம்பு தானா சுரக்க வேண்டிய கார்டிசோல் போதாம உயிருக்கே ஆபத்தாகலாம்.

பாடகி செலினா கோமஸும் இதைச் சந்திச்சிருக்காங்க. தனக்கு லூபஸ் இருக்குன்னு 2015ல் வெளியே சொன்னாங்க, 2017ல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. அப்புறமும் 2023ல் அவங்க உடம்பைப் பத்தித்தான் ஊர் பேசுச்சு. மருந்து சாப்பிடும்போது உடம்பில் தண்ணி தேங்குதுன்னு அவங்களே லைவ்ல வந்து விளக்க வேண்டியிருந்தது.

சரி, அப்போ எடை ஒரு பிரச்சினையே இல்லையா? இருக்கு. "எல்லா உடம்பும் அழகுதான்"னு ஒரு ஸ்டோரி போட்டு முடிச்சிட முடியாது. கொழுப்புத் திசு சும்மா கிடக்கிற சேமிப்புக் கிடங்கு இல்லை. ஐஎல்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் பொருட்களை அதுவே வெளியிடுது. லூபஸ் உள்ள 148 பெண்களை அமெரிக்காவில் ஆய்வு செய்தபோது, உடல் பருமன் உள்ளவங்களுக்கு வலி, சோர்வு, மனச்சோர்வு எல்லாமே அதிகமா இருந்தது. ஸ்டீராய்டு எடுப்பது போன்ற மற்ற காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். இதயம் இன்னொரு கவலை. 35லிருந்து 44 வயசுக்குள்ள இருக்கிற லூபஸ் பெண்களுக்கு, அதே வயசுப் பெண்களை விட மாரடைப்பு வாய்ப்பு 50 மடங்குன்னு 1997லேயே பிட்ஸ்பர்க் ஆய்வு ஒன்று காட்டியது. அதுக்கு மேல பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால்னு எடை தன் பங்கையும் சேர்க்கும்.

ஆனா "காலையில ரெண்டு ரவுண்டு ஓடு"ன்னு சொல்றது சுலபம். மூட்டு வலி, தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு. பலருக்கு வெயில் பட்டாலே நோய் கிளம்பிடும். ஓடச் சொல்றவங்களுக்கு இதில் ஒண்ணுகூடத் தெரியாது.

அதனால என் கருத்து இதுதான்: எடையைப் பத்திப் பேசணும், ஆனா பேச வேண்டிய இடம் டாக்டர் அறை. அங்கே பேசினா பலன் இருக்கு. நோய் கட்டுக்குள் வந்ததும் ஸ்டீராய்டை தினமும் 5 மில்லிகிராம் அல்லது அதுக்கும் கீழே கொண்டுவரணும், முடிஞ்சா நிறுத்தணும்னு ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் கூட்டமைப்பு 2023ல் சொல்லியிருக்கு. படிப்படியா, டாக்டர் சொல்ற மாதிரி. உப்பு குறைச்ச சாப்பாடு, முடிஞ்ச அளவு உடற்பயிற்சி எல்லாம் அங்கே முடிவாகட்டும். கல்யாணப் பந்தியிலும் ஹாஸ்டல் மெஸ்ஸிலும் அந்தப் பேச்சு வேண்டாம். அங்கே சொல்ற ஒரு வார்த்தையால யாருக்கும் ஒரு கிலோ குறைஞ்சதில்லை. எங்க வீட்டில் மாத்திரைதான் நின்னுச்சு.

இப்போ அக்கா வெயில் இறங்கின பிறகு மொட்டை மாடியில் இருபது நிமிஷம் நடக்கிறாங்க. லீவுக்கு ஊருக்குப் போனா நானும் கூட நடப்பேன். செமஸ்டர், சினிமா, அவங்க ஆபீஸ் மேனேஜர்னு என்னென்னமோ பேசுவோம். எடை எவ்வளவுன்னு நான் கேட்டதில்லை.