பொறி கலங்கினால் ஆட்டம் போதும்!

அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எங்கள் நன்னிலம் பக்கம் கபடி களை கட்டிவிடும். தாளைச் செதுக்கி, மண்ணைச் சமப்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு, டியூப் லைட் கட்டிவிட்டால் ஆயிற்று. பூந்தோட்டம், பேரளம், கொல்லுமாங்குடி என்று ஊர் ஊராய் அணிகள் வந்து இறங்கும். நடுநிசி வரைக்கும் மைக் அலறும். வீட்டில் இருக்கும் நமக்கு ஆட்டம் புரிகிறதோ இல்லையோ, விடிந்ததும் முட்டிச் சிராய்ப்புக்கு மஞ்சள் பற்றுப் போடுவதும், சுளுக்குக்கு எண்ணெய் தேய்ப்பதும் நம் பாடு.

சிராய்ப்பும் சுளுக்கும் கண்ணுக்குத் தெரியும். இந்தத் தடவை நான் எழுத வந்தது கண்ணுக்குத் தெரியாத ஓர் அடியைப் பற்றி. தலையோடு தலை மோதியோ, பிடிக்கப் போகும்போது எதிராளியின் முழங்கால் பட்டோ, பிள்ளை ஒரு கணம் திகைத்து நிற்பான். "பொறி கலங்கிப் போச்சு" என்பான். தலையை உதறிக்கொண்டு மறுபடி ஆடப் போய்விடுவான். இரத்தம் இல்லை, வீக்கம்கூட இல்லை. நாமும் மறந்துவிடுவோம். டாக்டர்கள் இதற்குக் 'கன்கஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூளை அதிர்ச்சி என்று தமிழில் எழுதுகிறார்கள். பொறி கலங்குவது என்ற நம் வீட்டு வார்த்தையே எனக்கு இவை இரண்டையும்விடப் பொருத்தமாகப் படுகிறது.

மூளை மண்டையோட்டுக்குள் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. தயிர்ச் சட்டியைச் சடக்கென்று நகர்த்திப் பாருங்கள். சட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே தயிர் கலைந்திருக்கும். அதே கதைதான் இதுவும். அடி தலையில்தான் பட வேண்டும் என்றுகூட இல்லை. மார்பில் பலமாக இடிபட்டுத் தலை குலுங்கினாலும் போதும். மயக்கம் போட்டு விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இந்த மாதிரி அடிபட்டவர்களில் நினைவு தப்புகிறவர்கள் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். மற்ற ஒன்பது பேரும் நின்று, நடந்து, பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஸ்கேனிலும் இது தெரியாது. உள்ளே இரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். 'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்று டாக்டர் சொன்னால், கசிவு இல்லை என்று பொருள். நாளைக்கே ஆடப் போகலாம் என்று பொருள் இல்லை.

போன தை மாதம் எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இப்படி ஆயிற்று. பத்தாம் வகுப்பு. சனிக்கிழமை இரவு ஆட்டத்தில் தலை மோதியது. திங்கட்கிழமை அவன் அம்மா என்னிடம் வந்தாள்.

"அக்கா, பாத்தா நல்லாத்தான் இருக்கான். ஆனா சொன்னதையே திரும்பத் திரும்பக் கேக்கறான். டிவி சத்தம் தலைய இடிக்குதுங்கறான். புஸ்தகத்தைத் தொறந்தா எழுத்து ஓடுதாம். வர்ற ஞாயித்துக்கெழம பைனலு. இவரு, 'ஆம்பளப்புள்ள, ஒண்ணும் ஆவாது, ஆடட்டும்'ங்கறாரு. நீங்க என்னக்கா சொல்றீங்க?"

டாக்டரிடம் உடனே காட்டு, பைனலை மறந்துவிடு என்றேன். அவ்வளவு கறாராக ஏன் சொன்னேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது.

அமெரிக்காவில் அடிபட்ட இளம் ஆட்டக்காரர்கள் 69 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அடிபட்டவுடன் வெளியே வந்துவிட்டவர்களுக்குக் குணமாகச் சராசரியாக 22 நாள் ஆயிற்று. 'ஒன்றுமில்லை' என்று தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள். மிச்சமிருந்த ஆட்டத்துக்காக, ஆளுக்கு மூன்று வாரம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இதைவிட மோசமும் உண்டு. ஆறாத மூளையின் மேல் இரண்டாவது அடி விழுந்தால், வளரும் பிள்ளைகளுக்கு மூளை திடீரென்று வீங்கிவிடுகிறது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிருக்கே ஆபத்து. 2006 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் விழுந்து தலையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு, பாதி ஆட்டம் முடிந்தபின் மறுபடி இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மண்டையோட்டை இரண்டு பக்கமும் திறந்து அறுவை சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். பேசவும் நடக்கவும் அவன் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அவன் பெற்றோர் அதோடு விடவில்லை. 2009ல் அந்த மாநிலத்தில் அவன் பெயராலேயே சட்டம் வந்தது. தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும்; மருத்துவம் தெரிந்தவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப ஆட விடக்கூடாது. ஐந்தே ஆண்டில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இது போன்ற சட்டம் வந்துவிட்டது.

'அதெல்லாம் சீமையில்' என்கிறீர்களா? 2020 டிசம்பர் 4, கான்பெரா. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 20 ஓவர் ஆட்டம். (நம் சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காக முதல் 20 ஓவர் ஆட்டம் ஆடியது அன்றைக்குத்தான்.) கடைசி ஓவரில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. மனிதர் அசராமல் ஆடி முடித்தார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தலை சுற்றுகிறது என்றார். அவர் மறுபடி களத்துக்கு வரவில்லை; அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கும் இல்லை. தலையில் அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்கலாம் என்று 2019லேயே சர்வதேச கிரிக்கெட்டில் விதி வந்துவிட்டதால், சாஹல் வந்து பந்து போட்டார். கோடிக்கணக்கில் பணம் புழங்கும் ஆட்டத்திலேயே ஒருவரை உட்கார வைக்கலாம் என்றால், நம் வயல் கபடியில் ஏன் முடியாது? இன்னொன்றையும் கவனியுங்கள். ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே குலுங்குவதை அது தடுப்பதில்லை. அடிபட்ட அந்த நிமிஷத்தில் ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோகூடத் தலைவலியும் சுற்றலும் வரலாம்.

மறுநாள் காலையில் பிள்ளை எப்படி எழுந்திருக்கிறான் என்று பார்ப்பவள் பயிற்சியாளர் இல்லை, நாம்தான். தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, சத்தம் பிடிக்காதது, ஞாபக மறதி, காரணமில்லாத எரிச்சல் அல்லது அழுகை, ஒரேயடியாகத் தூங்குவது அல்லது தூக்கமே வராதது, 'என்னமோ மந்தமா இருக்கு' என்பது... இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி, உடனே ஓட வேண்டிய அறிகுறிகள். தலைவலி கூடிக்கொண்டே போவது, மறுபடி மறுபடி வாந்தி, எழுப்பினால் எழுந்திருக்காத தூக்கம், வலிப்பு, கை கால் மரத்துப் போவது அல்லது தளர்வது, பேச்சுக் குழறுவது, ஆளைத் தெரியாமல் பேசுவது, இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இல்லாதது, காதிலோ மூக்கிலோ இரத்தமோ தண்ணீர் போலவோ வடிவது, ஒரு நிமிஷமாவது நினைவு தப்பியது. இவற்றில் ஒன்று கண்டாலும் 108ஐக் கூப்பிடுங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்காமல், அசைக்காமல், ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே படுக்க விடுங்கள். கைக்குழந்தையாக இருந்தால் நிற்காத அழுகையும் பால் மறுப்பதும் இதே கணக்குத்தான்.

1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் நடந்த லீக் கிரிக்கெட்டில், இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய ராமன் லாம்பா மட்டையாளருக்கு மிக அருகில் ஹெல்மெட் இல்லாமல் நின்றார். பந்து நெற்றியில் பட்டது. எழுந்து தானே நடந்து உள்ளே போனார். பிறகு நினைவு தப்பியது. 23ஆம் தேதி இறந்துபோனார். 38 வயது. நடந்து போனாரே என்று யாரும் நிம்மதிப்பட முடியாத அடி அது. ஆகவே முதல் இரண்டு நாள் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

நம் பாட்டிமார் 'தூங்க விடாதே, தூங்க விடாதே' என்று உலுக்கிக்கொண்டே இருப்பார்கள். டாக்டர் பார்த்து, ஆபத்து அறிகுறி இல்லை என்று சொல்லிவிட்டால், தூங்க விடலாம்; தூக்கம் நல்லது. எத்தனை மணிக்கு ஒரு தரம் எழுப்பிப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபன் வகைகளை டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வெங்காயத்தை மூக்கில் வைப்பது, தலையில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வேண்டாம்.

ஓய்வு விஷயத்தில்தான் டாக்டர்களே தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் அறையை இருட்டாக்கி, ஜன்னலைச் சாத்தி, அறிகுறி போகும்வரை பிள்ளை படுத்தே கிடக்க வேண்டும் என்பார்கள். 2015ல் விஸ்கான்சினில் 99 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஐந்து நாள் கட்டாயப் படுக்கையில் இருந்தவர்களைவிட, ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல நடமாடியவர்களுக்குத் தொந்தரவு குறைவாக இருந்தது! 2019ல் பஃபலோவில் 103 இளம் ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்ததில், தலைவலி கூடாத அளவுக்குத் தினமும் லேசாக உடற்பயிற்சி செய்தவர்கள் 13 நாளில் தேறினார்கள். வெறுமனே கை காலை நீட்டி மடக்கியவர்களுக்கு 17 நாள் ஆயிற்று. படுக்க வைத்தால் பிள்ளை தேறும் என்ற நம் பழைய கணக்கு, இந்த ஒரு விஷயத்தில் சரியில்லை.

செல்போனுக்கும் கணக்கு வந்துவிட்டது. 2021ல் மாஸசூசெட்ஸில் 125 பேரிடம் பார்த்த ஆராய்ச்சி. முதல் 48 மணி நேரம் போன், டிவி எதையும் பார்க்காதவர்களுக்கு மூன்றரை நாளில் தொந்தரவு தீர்ந்தது. பார்த்தவர்களுக்கு எட்டு நாள். போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு உங்களுக்குக் கிடைக்காது.

2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி, மறு வருஷம் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. முதல் ஓரிரண்டு நாள் வீட்டோடு இருந்து, சின்னச் சின்ன வேலை செய்யலாம். பிறகு நடை. எங்கள் ஊர்ப் பிள்ளை என்றால் ஆற்றங்கரை வரை போய் வரலாம். தலைவலி லேசாகக் கூடினால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டு, மறுநாள் தொடரலாம். பிறகு மெதுவோட்டம். பிறகு தனியாகப் பாடிப் பழகுவது, கால் வேகம் பழகுவது. தலை மோத வாய்ப்புள்ள எதுவும் கூடாது. தொந்தரவு எல்லாம் அடியோடு போனபின்தான் நண்பர்களோடு, அதுவும் தொடாமல். டாக்டர் சரி என்றபின்தான் பிடி போடும் பயிற்சி. கடைசியில்தான் போட்டி. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் தேறிவிடுவார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அரை நாள் அனுப்பலாம். வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்: போர்டைப் பார்த்து எழுதினால் தலை வலிக்கும், நடுவில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ள விடுங்கள், இந்த வாரப் பரீட்சையைத் தள்ளி வையுங்கள் என்று. வெளியே காயம் தெரியாததால், சொல்லாவிட்டால் 'சோம்பேறி' என்ற பட்டம்தான் கிடைக்கும்.

எங்கள் தெருப் பையன் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அணிப் பையன்கள் வாசலில் வந்து நின்றார்களாம். "ஏழு பேருக்கு ஆளு கெடைக்கும்ப்பா, போய்த் தேடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். பைனலில் தோற்றார்கள். வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். பையன் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்று வாரத்தில் பழையபடி ஆனான். பங்குனியில் பரீட்சை எழுதினான். இப்போது மறுபடி ஆடுகிறான்.

ஆட வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய பையன்கள் அணியில் நம் மாவட்டத்து வடுவூர் அபினேஷ் இருந்தார். பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். நம் வீட்டுப் பெண்களும் ஆடத் தொடங்கிவிட்டார்கள் அல்லவா? ஒரே விளையாட்டில் பையன்களைவிடப் பெண்களுக்கு இந்த அடி அதிகம் படுகிறது என்று கால்பந்து, கூடைப்பந்து ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அத்தோடு, 'சொன்னால் இனி வீட்டில் ஆட விட மாட்டார்கள்' என்று பெண் பிள்ளைகள் மறைப்பதும் உண்டு. அடிபட்டால் திட்டாமல் கேட்போம் என்று இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள்.

ஒரு மாதம் ஆகியும் தலைவலியோ, மறதியோ, தூக்கக் கோளாறோ, மனச் சோர்வோ விடவில்லை என்றால் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். நம் பக்கத்துக்கு திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது என்றைக்கு அடிபட்டது, எப்படிப் பட்டது, அதற்கு முன் எப்போதாவது இதே மாதிரி அடி உண்டா, இப்போது என்னென்ன தொந்தரவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.