சட்டக் கல்வியும் லயத்து வாசலும்

சட்டம் அனைவர்க்கும் பொது என்பது சட்டக் கல்வியின் முதற்பாடம். அப்பொதுச் சொத்தின் திறவுகோல் சிலர் கையில் மட்டும் இருப்பது ஏன் என்பது அங்கே கற்பிக்கப்படாத பாடம். கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே உள்ள திரிங்காப்பையும், அதன் அண்டையிலுள்ள தேயிலைத் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு இந்தக் கேள்வியை எழுப்புகிறோம். பல்கலைக்கழகங்களின் சட்டத்துறைகள் 'சமூகத் தொண்டு' என்று பெருமை பேசும் முயற்சிகள் இந்த லயங்களின் வாசலை எட்டியுள்ளனவா?

சட்டம் அறியாமை என்ன விலை கேட்கும் என்பதைத் தோட்டத் தமிழர் ஒரு முறை கண்ணீரால் கற்றனர். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமை பெறும் வழி பலர்க்குத் திறந்திருந்தது. பத்திரம் இன்மையாலும், எடுத்துச் சொல்வார் இன்மையாலும் பல்லாயிரவர் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டனர். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டு, பெயரளவில் மட்டும் அறிந்திருந்த ஊர்களுக்குக் கப்பலேறியோர் ஆயிரக்கணக்கினர். அவர்கள் செய்த குற்றம் யாது? ஒரு படிவத்தை உரிய காலத்தில் நிரப்பாமை ஒன்றேயாம்.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1972இல், மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை தோன்றியது. பேராசிரியர் அகமட் இப்ராகிம் அதன் முதல் தலைவர். அதே 1972இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று அன்றாட வாழ்வுக்கு வேண்டிய சட்டத்தைக் கற்பிக்கத் தொடங்கினர். 'தெருச் சட்டம்' என்ற அவ்வியக்கம் பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. நம் நாட்டுச் சட்ட மாணவர்களும் இன்று மக்களைத் தேடிச் செல்கின்றனர். அதனைப் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டோடு நிறுத்திக்கொள்ள இயலவில்லை.

நாம் பெரும்பாலும் காண்பது ஒருநாள் முகாம். பதாகை கட்டுகிறார்கள், பிரமுகர் உரையாற்றுகிறார், படம் எடுக்கிறார்கள், மாலையில் பேருந்து மலையிறங்கிவிடுகிறது. இதன் குறை என்னவென்று சட்டத்தைக் கொண்டே காட்டலாம். காரணமின்றி வேலை நீக்கப்பட்ட தொழிலாளி, 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாள்களுக்குள் முறையிட வேண்டும். முகாம் மார்ச்சில் வந்துபோகிறது; தொழிலாளி ஜூனில் நீக்கப்படுகிறான். அடுத்த மார்ச்சு வரும்போது அவனுடைய 60 நாள்கள் கழிந்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருக்கும். ஆண்டுக்கொரு முறை வரும் சட்ட அறிவு, அறுவடை முடிந்த வயலில் பெய்யும் மழை.

சம்பள பாக்கி பற்றிய வழக்கை, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, வழக்கறிஞர் இன்றியே தொழிலாளர் அலுவலகத்தில் தொடுக்கலாம். ஆட்குறைப்புக்கு ஆளானவர் 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ பணிசெய்திருந்தால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு பெறலாம் என்று 1980ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இவை ஏழைக்கென்றே எழுதப்பட்டவை. எனினும் ஏழைக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டுள்ளன.

தேயிலையை விட்டுக் காய்கறித் தோட்டத்திற்குச் சென்றவர் நிலையும் இதுவே. தற்காலிக உரிமத்தின் பேரில் பயிரிடுவோர் இம்மலையில் மிகப் பலர். 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி அவ்வுரிமம் ஆண்டு முடிவுக்கு மேல் நீளாது. மீண்டும் புதுப்பித்தாக வேண்டும். உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் அவரோடு இறக்கும், மகனுக்குச் சேராது. தந்தை திருத்திய மண் தனக்கே உரியது என்று நம்பும் மகனுக்கு இதனைச் சொன்னவர் யார்? 2019 ஜூலையில் கோலா தெர்லாவில் நீண்டகாலம் பயிரிட்டுவந்தவர்கள் தோட்டங்களை இழந்தபோதுதான் பலர் சட்டத்தின் முகத்தைக் கண்டனர்.

இங்கே சிலர் மறுப்புரைப்பர். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி மாணவர் வழக்காட இயலாதே என்பர். உண்மை. மாணவர் வழக்காட வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. காலக்கெடுவைச் சொல்லவும், படிவத்தை விளக்கவும், உரிய அலுவலகத்திற்கு வழிகாட்டவும், கடினமான வழக்கைப் பொறுப்பாசிரியர் வாயிலாக வழக்கறிஞரிடம் சேர்ப்பிக்கவும் எந்தச் சட்டம் தடுக்கிறது? தொழிற்சங்கமும் அரசின் சட்ட உதவித்துறையும் உள்ளனவே என்பர் வேறு சிலர். மருத்துவமனை இருப்பதால் சுகாதாரக் கல்வி வேண்டாம் என்பார் உண்டோ? லயங்களில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் வாழ்கின்றனரே என்பதும் ஒரு மறுப்பு. அவர்களுக்கும் அதே வேலைச் சட்டம் உரியது. நேற்று நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று நிற்பவர்கள் அவர்கள்.

இந்தியாவைப் பாருங்கள். 1976இல் அரசியலமைப்பில் 39-அ பிரிவு சேர்க்கப்பட்டு, இலவசச் சட்ட உதவி அரசின் கடமையாயிற்று. 2008இல் வழக்கறிஞர் மன்றம் வகுத்த சட்டக் கல்வி விதிகள், ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்றன. அங்கும் ஏட்டளவில் நிற்கும் மையங்கள் உண்டு. ஆயினும் கடமை கடமையென்று எழுதப்பட்டுள்ளது. இங்கோ அது இன்னும் விரும்பினால் செய்யும் தொண்டாகவே கருதப்படுகிறது.

எனவே நம் கோரிக்கை தெளிவானது. மாதந்தோறும் ஒரு குறித்த நாளில், ஒரே இடத்தில், ஒரு பொறுப்பாசிரியரும் சில மாணவரும் இம்மலையில் இருத்தல் வேண்டும். அப்பணிக்குத் தேர்வு மதிப்பெண் வழங்க வேண்டும். மாதந்தோறும் வருபவர்க்கு 60 நாள் கெடு தப்பாது. இடத்திற்குப் பஞ்சமில்லை, மலையெங்கும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன.

தமிழாசிரியர்களே, இதில் உங்கள் பங்கு சிறிதன்று. மலாயிலும் ஆங்கிலத்திலும் சட்டம் படித்த இளைஞன் தமிழில் விளக்கத் தடுமாறுவான். 'காலக்கெடு', 'இழப்பீடு', 'முறையீடு' என்னும் சொற்களை அவன் நாவில் ஏற்றுவது உங்கள் பணி. இலக்கணப் பயிற்சியில் ஒருமுறை ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்; கடிதப் பயிற்சியில் தொழிலாளர் அலுவலகத்திற்கு ஒரு முறையீடு எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள் மாலையில் பிள்ளையோடு லயத்திற்குச் செல்லும். தாயும் தந்தையும் கேட்பர். இதனினும் சிறந்த மொழிப்பாடம் வேறில்லை.

சட்டத்துறைகள் நடப்பது மக்களின் வரிப்பணத்தில். கொழுந்து பறித்த கைகளும் அந்த வரியில் பங்கு செலுத்தியுள்ளன. ஆதலின் நாம் கேட்பது தானமன்று. கொடுத்த கடனையே திருப்பிக் கேட்கிறோம்.