மகாவலியும் மணலும்

அண்மையில் வகுப்பிலே இடப்பெயர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மகாவலி என்னும் ஆற்றுப் பெயருக்குப் பொருள் யாது என்றொரு வினா எழுந்தது. "வலி என்பது வலிமை, பெருவலிமை உடைமையால் மகாவலி" என்றேன். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றையன்றி வேறு ஆறு காணாத குடாநாட்டில் வளர்ந்த எனக்கு அவ்விடை திருப்தியாகவே இருந்தது. மூதூர்ப் பக்கத்து மாணாக்கர் ஒருவர் எழுந்து, "ஐயா, சிங்களத்தில் வெலி என்றால் மணல் அல்லவா?" என்றார்.

அவர் கூறியதே சரி. சிங்களத்தில் அது மஹவெலி கங்கை. மகாவம்சத்தில் அதன் பெயர் மகாவாலுக நதி. வாலுகம் என்பது மணல். எனவே பெருமணலாறு என்பதே பொருள். தவற்றை ஒப்புக்கொண்டேன். அவர் அமராமல் மேலும் சொன்னார்: "இப்பொழுது அந்த மணல்தான் அங்கே குறைந்துவிட்டது, ஐயா. எங்கள் தோட்டத்தில் இரண்டு வரிசைத் தென்னை கரையோடு சரிந்து ஆற்றிற் போய்விட்டன."

பெயரின் பொருளை நான் தவறவிட்டேன். அப்பெயர் குறிக்கும் பொருளையே நாடு தவறவிடுகின்றது. என் பிழை சிறிது, இப்பிழை பெரிது. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

மகாவலி 335 கிலோமீற்றர் நீளமுடையது. மத்திய மலைநாட்டிற் பிறந்து, கண்டியைச் சுற்றி வளைந்து, மினிப்பே அருகிற் சமநிலத்தில் இறங்கி, வடக்கு நோக்கித் திரும்பிக் கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. அதன் ஒரு கிளை வெருகலாறாய்ப் பிரிந்து கடல் சேர்கின்றது. மலையிலே அஃது அரிக்கும் ஆறு. சமநிலத்திலே ஆக்கும் ஆறு. நீரின் வேகம் இரு மடங்காகுமானால் அது உருட்டவல்ல கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும் என்பது நூலோர் கணக்கு. வேகம் குறையுமிடத்து அந்த ஆற்றலும் அவ்வாறே விரைந்து குறையும். ஆகவே முதலிற் கல்லையும், பின்பு மணலையும், ஈற்றில் வண்டலையும் ஆறு இறக்கிவைக்கின்றது. வளைவுகளில் வெளிக்கரையை அரித்து உட்கரையில் இடுகின்றது. வெள்ளம் பரந்து வடியும் தாழ்நிலங்களில் வில்லுகள் எனப்படும் நீர்நிலைகள் உண்டாகின்றன.

நம் முன்னோர் இத்தொழிலைக் கூர்ந்து நோக்கியவர். நீர் இட்ட மணல்மேட்டுக்கு எக்கர் என்றும், நெளிநெளியாய்ப் படிந்த கருமணலுக்கு அறல் என்றும், ஆற்றிடைக்குறைக்குத் துருத்தி, அரங்கம் என்றும் பெயரிட்டனர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நிற்பதாற் றிருவரங்கம் அப்பெயர் பெற்றது. நாமோ அரிப்புத் தீது, படிவு நன்று என்று பிள்ளைகளுக்கு எளிதாய்ப் பிரித்துச் சொல்லிவிடுகின்றோம். ஒன்றின்றி மற்றொன்று இல்லை. இன்று வயலிற் கிடக்கும் வண்டல் நேற்று மலையாய் இருந்தது.

இவ்வரவுக்கு இடையே அணைகள் எழுந்தன. பொல்கொல்லை 1976இலும், கொத்மலையும் விக்டோரியாவும் 1985இலும், ரந்தெனிகலை 1986இலும் தொழிற்பட்டன. அவை மின்னும் நீரும் தந்தன; அவற்றை நான் பழிக்கவில்லை. ஆயின் மலையிலிருந்து வரும் மணல் அவற்றின் பின்னே தங்கிவிடுகின்றது. கீழே கிடப்பதிற் பெரும்பகுதி பண்டைய ஆறு சேர்த்துவைத்த முதல். அம்முதலையே நாம் வட்டி என்று எண்ணி உழவு இயந்திரங்களில் ஏற்றுகின்றோம். மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். பத்திரத்தோடு செல்வதும் உண்டு. இன்றிச் செல்வதும் உண்டு. எவ்வகையிற் சென்றாலும், படுகை தாழ்ந்தால் கரை சரியும். அயற்கிணறுகளின் நீர் இறங்கும். முகத்துவாரத்திலே உப்புநீர் உள்ளேறும். சுமையிழந்த நீர் தன் கரையையே அரித்துச் சுமை தேடும். அம்மாணாக்கரின் தென்னைகள் போன வழி இதுவாதல் கூடும்.

மணலின்றி வீடு கட்டுவது எங்ஙனம், அகழ்வோரும் அன்றாடக் கூலிக்காரரன்றோ எனச் சிலர் வினவுவர். நியாயமான வினா. முழுத்தடையை நான் வேண்டவில்லை, அளவை வேண்டுகின்றேன். ஒவ்வொரு பகுதியிலும் ஆண்டுதோறும் ஆறு எவ்வளவு கொண்டுவருகின்றது என அளந்து, அதனிற் குறைந்த அளவுக்கே அனுமதி வழங்குக. அத்தொகையைப் பிரதேச செயலகத்தின் வாயிலில் ஊரார் படிக்கத்தக்க மொழியில் எழுதிவைக்க. நீர்த்தேக்கங்களில் தூர்ந்து கிடக்கும் மணலை எடுத்துப் பயன்கொள்க. கருங்கல்லை உடைத்த மணலும் கழுவிய கடல்மணலும் கட்டடத்துக்கு உதவுவனவே.

ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. எக்கர் என்னும் சொல்லுக்கு உரை கூறுவதோடு அமையாது, மாணாக்கரை ஒருநாள் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று எக்கரைக் காட்டுதல் வேண்டும். காட்டுவதற்கு அஃது அங்கே இருக்கவும் வேண்டும்.

மறுநாள் வகுப்பில் என் விடையைத் திருத்திக் கூறினேன். அம்மாணாக்கர் விடுமுறைக்கு ஊர் செல்கிறார். "தம்பி, மூன்றாம் வரிசைத் தென்னை நிற்கின்றதா என்று பார்த்து வாரும்" எனச் சொல்லி அனுப்பியிருக்கின்றேன்.