எந்தக் கிருமியை வைத்துச் சோதிக்கிறோம்?

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறை, பாக்டீரியாவைக் கொல்லாமல் அது ஒட்டிப் படலமாகப் படர்வதை மட்டும் தடுக்கும் பொருள்களைப் பல ஆண்டுகளாகத் தேடிவருகிறது. மன்னார் வளைகுடாப் பவளங்களில் வாழும் பாக்டீரியாவின் சாறு, தொண்டை அழற்சி தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் படலம் கட்டுவதைத் தடுக்கிறது என்பது அங்கிருந்து வந்த முடிவுகளுள் ஒன்று. ஆன்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றாகத் தோற்றுவரும் நாட்டில் இது சரியான பாதை. ஆனால், சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் கிருமி எது என்பதைப் பொறுத்தே இதன் பயன் அமையும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸின் மேற்பரப்பிலுள்ள எம் புரதத்தில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட மரபு வகைகள் உண்டு. ஆய்வகத்தில் ஒரு வகை மசிந்தால் எல்லா வகையும் மசியும் என்று எப்படிச் சொல்வது?

ஒரே இனத்துக்குள்ளும் வகைக்கு வகை நடத்தை மாறும் என்பதற்கு, சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ. கோலை தெளிவான சான்று. குடலில் சாதுவாக வாழும் ஈ. கோலைக்கும் சிறுநீர்ப்பையைத் தாக்கும் ஈ. கோலைக்கும் ஃபிம்எச் என்ற ஒட்டுப் புரதம் பொதுவானது. அந்த மரபணுவில் தற்செயலாக நேரும் சிறு மாற்றங்களே சிறுநீர்ப்பைச் சுவரின் மேனோஸ் சர்க்கரையை இறுகப் பற்றும் திறனைத் தருகின்றன என்று ஆய்வாளர் சோகுரென்கோவின் குழு 1998-இல் காட்டியது. வெளியிலிருந்து புது மரபணு எதுவும் வந்து சேராமலே சாது முரடாகிவிடுகிறது! அதற்கு விலையும் உண்டு. நன்றாகப் பற்றும் வகைகள் வாயிலேயே, எச்சிலில் கரைந்துள்ள பொருள்களிடம் எளிதில் சிக்கிக்கொள்கின்றன.

ஃபிம்எச்சில் சர்க்கரையைப் பற்றும் குழி எல்லா வகையிலும் ஏறத்தாழ ஒன்றுதானே, அதை அடைத்தால் போதாதா என்று கேட்கலாம். வலுவான கேள்வி, மேனோஸைப் போல அந்தக் குழியில் அமர்ந்து அடைக்கும் மேனோசைடு மருந்து முயற்சிகள் அதை நம்பியே நடக்கின்றன. ஆனால், குழிக்கு வெளியே நேரும் மாற்றங்களும் பிடியின் இறுக்கத்தை மாற்றிவிடுகின்றன. போதாக்குறைக்கு, சிறுநீரகத்தில் ஒட்ட ஈ. கோலையிடம் பாப்ஜி என்ற வேறொரு புரதமும் இருக்கிறது. மேனோஸ் குழியை அடைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. கொல்லாத மருந்துக்கு எதிர்ப்புத்திறனே தோன்றாது என்பாரும் உண்டு. தாமதமாகலாம், தோன்றவே தோன்றாது என்று சொல்ல இந்த மரபு வேறுபாடு இடந்தராது. ஆகவே பல வகைக் கிருமிகளை வைத்துச் சோதிக்க வேண்டும்; செலவைச் சொல்லித் தயங்கவும் வேண்டியதில்லை. ஃபிம்எச் மரபணுவில் 489 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் படித்தே ஈ. கோலையின் உள்வகைகளைப் பிரித்தறிகிறார்கள். இதற்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகள் வேண்டும். ஆனால், சோதனை அறிக்கை எழுதியதும் அவற்றை வளர்த்த கல்ச்சர் தட்டுகளை அழிப்பதுதான் மருத்துவமனைகளின் பொது வழக்கம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியும் காரைக்குடிப் பல்கலைக்கழகமும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. நோயாளியின் அடையாளத்தை நீக்கிவிட்டு, அந்தக் கிருமிகளில் ஒரு பகுதியை உறைநிலையில் சேமித்து ஆய்வாளர்களுக்குக் கொடுக்க மருத்துவக் கல்வி இயக்ககம் வழிசெய்ய வேண்டும்.