ஒரு சிறு ரப்பர் வளையம்



கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியாததன்று. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் நீரை உறிஞ்சி உப்பி, சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இந்தத் தடங்களில் பாரம் ஏற்றிய வண்டிகளுக்கு அச்சும் மசகும் போதும் என்றிருந்தனர் நம் முன்னோர். ஆட்கள் ஏறும் வண்டிக்கோ எஃகுப் பட்டைகளை அடுக்கி, அதை வில்வண்டி என்றனர். இன்று நம் பிள்ளைகள் ஓட்டும் கியர் சைக்கிளின் முன் ஃபோர்க்கும் அந்த வில்லின் வேலையைத்தான் செய்கிறது.

என் மகனுடைய சைக்கிளின் ஃபோர்க் சென்ற மாதம் இறுகிப்போயிற்று. அழுத்தினால் தயங்கி இறங்கிற்று. மேல்குழாயில் எண்ணெய் கறுப்பாகக் கசிந்திருந்தது. "காட்டுப் பாதையில் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்" என்று அவனைக் கடிந்துகொண்டேன். ஃபோர்க்கையே மாற்ற வேண்டும் என்றார்கள் கடையில். மகனோ, "அப்பா, சீலை மட்டும் மாற்றிப் பார்ப்போம்" என்றான். மேல்குழாயின் விட்டத்தை வெர்னியரால் அளந்தோம், 32 மில்லிமீட்டர். அதற்குரிய சீல்களை வரவழைத்து, ஞாயிறு பிற்பகலில் திண்ணையில் அமர்ந்தோம்.

முன்சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றினோம். அது காற்றடைத்த ஃபோர்க் ஆதலால், வால்வை அழுத்திக் காற்று முழுவதையும் வெளியேற்றினோம். இதை மட்டும் மறவாதீர்கள். காற்று அடைபட்டிருக்கையில் திறப்பது ஆபத்து. அடியில் காலுக்கு ஒன்றாக இருக்கும் போல்ட்டுகளை ஆலன் கீயால் சில சுற்றுகள் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்தண்டு விடுபடும். பிறகு போல்ட்டுகளை முழுதும் எடுத்துவிட்டுக் கீழ்க்கால்களை உருவலாம். உள்ளிருந்த எண்ணெய் கரிசல் சேறாகவே வடிந்தது.

பழைய சீலை டயர் லிவரால் நெம்பி எடுத்தோம். ஸ்க்ரூடிரைவர் விளிம்பைக் கீறிவிடும். உட்புறத்தைத் துடைத்து, பஞ்சு வளையத்தை எண்ணெயில் ஊறவைத்து, புதிய சீலைச் சாயாமல் அழுத்திப் பொருத்தினோம். கால்களைப் பாதி நுழைத்த நிலையில், அடித்துளை வழியே கையேடு குறித்த வகை எண்ணெயைக் குறித்த அளவில் விட்டோம். போல்ட்டுகளையும் அதில் கண்ட இறுக்கத்துக்கே முடுக்கி, காற்றை நிரப்பினோம்.

இவ்வளவு அழுக்கு உள்ளே போனது எப்படி? சனிக்கிழமைதோறும் மோட்டார்க் குழாயை நேராகச் சீலின்மேல் பீய்ச்சிக் கழுவியவன் நான். வேகமான நீர் சீலின் உதட்டைத் தாண்டி மண்ணை உள்ளே தள்ளும். அது எண்ணெயோடு கலந்து உப்புத்தாளைப்போல் தேய்க்கும். காட்டுப் பாதையின் மேல் நான் சுமத்திய குற்றம் என் கையிலேயே இருந்தது. எண்ணெய்க் கையோடு மகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஒரு பொருளைத் தூக்கி எறியுமுன் திறந்து பாருங்கள், ஒருவரைக் கடிந்துகொள்ளுமுன்னும் அப்படியே செய்யுங்கள். தச்சுப் பட்டறையில் வளர்ந்தவரைப் பின்பற்றும் நமக்குக் கையில் அழுக்குப் படுவது இழிவாகாது.

எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல் மேல்குழாயில் இருந்தால் புதிய சீலும் கசியும். குழாய் வளைந்திருந்தால் அல்லது விரிசல் கண்டிருந்தால், செலவைப் பாராமல் ஃபோர்க்கை மாற்றுங்கள். பிள்ளையின் உயிர் அதன்மேல் நிற்கிறது. விலை குறைந்த சில ஃபோர்க்குகளுக்கு உதிரிச் சீல் கிடைப்பதில்லை. சைக்கிள் வாங்கும்போதே அதைக் கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் மேல்குழாயை மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் சீல் நெடுநாள் உழைக்கும். உங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்படி ஒரு சைக்கிள் கிடந்தால், குழாயை அளந்து சீலை வாங்கிக்கொண்டு, ஞாயிறு பிற்பகலில் பிள்ளையுடன் வாருங்கள். திண்ணையில் இடம் இருக்கிறது. எங்களிடம் ரப்பர் சுத்தியலும் இருக்கிறது.